மாவுக்கட்டுக்குள் கால் சூம்பாமல் இருக்க

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் வீட்டார் வாயிலிருந்து முதலில் வருவது "கால் சூம்பிப்போச்சே" என்ற வார்த்தைதான். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கும். ஆனால் அந்தக் காலை ஊன்றி நாற்காலியிலிருந்து எழ முடியாது, படி இறங்கினால் முழங்கால் மடங்கிக்கொள்ளும். கட்டுப் போட்டால் அப்படித்தான் ஆகும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் மெலிவது நிச்சயம்தான். எவ்வளவு மெலிகிறது என்பது கட்டு இருந்த நாட்களில் என்ன செய்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னது உடைந்த எலும்புக்கு. அதைச் சுற்றியுள்ள தசைக்கும், உடையாத மூட்டுகளுக்கும், மற்றக் காலுக்கும் சேர்த்து நாமே ஓய்வு கொடுத்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை முக்கியமாகக் கால் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டோ ஃபைபர் கட்டோ போட்டவர்களுக்கானது. கைக்கட்டுக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு வேகமாகக் குறைகிறது

தசையில் உள்ள புரதம் தினமும் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. வேலை செய்யும் தசையில் இரண்டும் சமமாக ஓடும். வேலை நின்றதும் புதிதாகக் கட்டும் வேகம் குறைந்துவிடுகிறது. சாப்பிட்ட புரதத்தைத் தசை எடுத்துக்கொள்வதும் மந்தமாகிறது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலுக்கு முழுக்கட்டு போட்டு இதை அளந்து பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. 5 நாளில் முன்தொடைத் தசையின் பருமன் சுமார் 3.5 சதவீதமும் வலு 9 சதவீதமும் குறைந்தன. 14 நாளில் பருமன் 8 சதவீதத்துக்குச் சற்று மேலும், வலு ஏறத்தாழ 23 சதவீதமும் போயிருந்தன. இவர்களுக்கு அடிபடவில்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. உண்மையான முறிவில் இவை மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த எண்களில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, இழப்பு முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. "ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பிசியோதெரபி பார்த்துக்கலாம்" என்பது அதனால்தான் தவறு. இரண்டு, பருமனைவிட வலு ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் விழுகிறது. தசைக்கு ஆணையிடும் மூளையும் நரம்பும் அந்த ஆணையை அழுத்தமாக அனுப்பும் பழக்கத்தை இழப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். டேப் வைத்துத் தொடையை அளந்து "இரண்டு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது" என்று நிம்மதி அடைவதில் அர்த்தம் குறைவு. வலு அதைவிட அதிகமாகப் போயிருக்கும். வீக்கம் வேறு அளவை மறைத்துவிடும்.

எல்லாத் தசையும் ஒரே வேகத்தில் மெலிவதில்லை. நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கும் தசைகள்தான் முதலில் போகும்: முன்தொடை, கெண்டைக்கால். முழங்கால் சில்லுக்கு மேலே உட்பக்கம் குழி விழுவது கண்ணுக்கே தெரியும். பின்தொடைத் தசை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

தசை எந்த நீளத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பூனையின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் 4 வாரம் கட்டி வைத்தபோது, நீளவாக்கில் அடுக்கியிருக்கும் சுருங்கும் அலகுகளில் சுமார் 40 சதவீதம் மறைந்துபோயின. தசை குட்டையாகிவிட்டது என்று பொருள். கணுக்காலை முடிந்தவரை செங்குத்தாக, 90 பாகையில் வைத்துக் கட்டுவது இதனால்தான். அறுந்த குதிகால் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தே கட்டுவார்கள். அது வேண்டுமென்று செய்வது, அதை நாம் திருத்தப் போகக்கூடாது. வீட்டில் நாம் செய்யும் தவறு வேறு. முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டு இருப்பவர்கள் சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார்கள். நாள் முழுக்க மடங்கியே கிடக்கும் முழங்கால் பிறகு முழுதாக நீளாது. தலையணையைக் கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை வையுங்கள், முழங்கால் நேராக இருக்கட்டும், குதிகால் மட்டும் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கட்டும். குதிகாலில் அழுத்தப்புண் வராமல் இருக்கவும் இது உதவும்.

வீக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் மூட்டுக்குள் 20 முதல் 30 மில்லி நீர் சேர்ந்தாலே, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் அளவுக்கு, முன்தொடையின் உட்பக்கத் தசையை நரம்பு மண்டலம் தானாகவே அடக்கிவிடுகிறது. மூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை இது. "இறுக்கச் சொன்னா இறுக்க மாட்டேங்குறார்" என்று நோயாளியைத் திட்டுவதற்கு முன் முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரம் காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பது தசைக்குச் செய்யும் வைத்தியமும்கூட.

டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த மூட்டு அசையக் கூடாது? எந்தத் தசையை இறுக்கவே கூடாது? இந்தக் காலில் எத்தனை கிலோ வரை ஊன்றலாம்?

நடுக்கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. சாதாரண கணுக்கால் முறிவிலோ முன்கால் எலும்பு முறிவிலோ முன்தொடையை இறுக்குவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் முழங்கால் சில்லு உடைந்து கம்பி கட்டியிருந்தால், சில்லுக்குக் கீழுள்ள தசைநாணைத் தைத்திருந்தால், அதே முன்தொடை இறுக்கம் தையலை இழுக்கும். குதிகால் தசைநாண் தைத்தவர் கெண்டைக்காலை அழுத்தக் கூடாது. விரலை மடக்கும் தசைநாண் தைத்த கையில் எந்தப் பயிற்சியும் பிசியோதெரபிஸ்ட் எதிரில் இருந்துதான் தொடங்க வேண்டும். தசை இழுத்து எலும்பின் துண்டு பெயர்ந்த முறிவுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது கேள்விக்கு "லேசா ஊன்றலாம்" என்று பதில் வந்தால் கிலோவில் கேளுங்கள். 20 கிலோ என்றால், வீட்டு எடை மெஷினில் அந்தக் காலை வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முள் 20ஐத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். நாலைந்து தடவை செய்தால் கால் அந்த அளவைப் பழகிக்கொள்ளும். ஊன்ற அனுமதி இருந்தும் பயந்து காலைத் தூக்கியே வைத்திருப்பவர்கள் ஏராளம். அனுமதித்த அளவுக்கு ஊன்றுவதைப் போலக் கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி வேறில்லை.

கட்டுக்குள்ளேயே தசையை இறுக்குவது

மூட்டு அசையாமலே தசையைச் சுருக்க முடியும். கட்டுப் போட்டவருக்கு இருக்கும் முதன்மையான ஆயுதம் இதுதான், செலவும் கிடையாது.

முன்தொடையிலிருந்து தொடங்குங்கள். முதலில் நல்ல காலில் கற்றுக்கொள்வது எளிது. காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்துவதுபோல் தொடையை இறுக்குங்கள். சில்லு மேல்நோக்கி, இடுப்புப் பக்கம் நகரும். அது நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இப்போது அடிபட்ட காலில் அதே போல். தொடைவரை கட்டு இருந்தால் சில்லு தெரியாது. கட்டின் மேல் விளிம்புக்கு மேலே கையை வைத்துப் பாருங்கள், தசை கெட்டியாவது தெரியும்.

ஒவ்வொரு இறுக்கமும் 5 முதல் 10 விநாடி. அதே அளவு இடைவெளி. 10 தடவை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை செய்தால் மிக நல்லது. முடியாவிட்டால் நாளுக்கு 6 முறையாவது செய்யுங்கள். காலையில் ஒரேயடியாக 60 செய்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா கிடப்பதைவிடப் பிரித்துச் செய்வது மேல். முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாக. வலி குறைந்ததும் முழு பலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது போட்டு இறுக்க வேண்டும். பலரும் தோற்பது இங்கேதான்: ஒப்புக்கு லேசாக இறுக்கிவிட்டு "தினமும் செய்யுறேனே" என்பார்கள். தொடை லேசாக நடுங்கும் அளவுக்கு இறுக்கினால்தான் பலன்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. மூச்சைப் பிடித்துக்கொள்வது ஒன்று. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், இதய நோயாளிக்கு ஆபத்து. வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும். இன்னொன்று, தொடைக்குப் பதில் பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குவது. மூன்றாவது, பாதத்தை மட்டும் ஆட்டிவிட்டு தொடை வேலை செய்ததாக நினைப்பது.

பின்தொடைக்கு, குதிகாலைக் கட்டிலில் ஊன்றிப் பின்னால் இழுக்கப் போவதுபோல் அழுத்துங்கள். கால் நகரக் கூடாது. பிட்டத் தசைகளை இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்குங்கள். எண்ணிக்கை முன்போலவே.

கெண்டைக்காலுக்கு ஒரு வழி பலருக்குத் தெரியாது. கால்விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் முக்கியமானவை பாதத்தில் இல்லை, முழங்காலுக்குக் கீழே, கட்டுக்குள்தான் இருக்கின்றன. எனவே வெளியே தெரியும் விரல்களை அழுத்தமாக மடக்கி 5 விநாடி, விரித்து உயர்த்தி 5 விநாடி என்று செய்யும்போது உள்ளே இருக்கும் தசை வேலை செய்கிறது, இரத்தமும் மேலேறுகிறது. கைக்கட்டிலும் அப்படியே. முஷ்டி பிடித்து விரித்தால் முன்கைத் தசை கட்டுக்குள் சுருங்கி விரியும். டாக்டர் சம்மதித்தால், பாதத்தை மேலேயும் கீழேயும் அசைக்க முயல்வதுபோல் கட்டின் சுவரை உள்ளிருந்து தள்ளலாம். உடைந்த இடத்தில் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது காலைத் தூக்குவது. மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி பாதத்தை ஊன்றுங்கள். அடிபட்ட காலின் முன்தொடையை முதலில் இறுக்கி, இறுக்கம் விடாமல் குதிகாலை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூக்குங்கள். 3 விநாடி நிறுத்தி, ஏற்றியதைவிட மெதுவாக இறக்குங்கள். 10 தடவை ஒரு சுற்று; காலையும் மாலையும் மூன்று மூன்று சுற்று. கட்டின் எடையே போதுமான பாரம். நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் உயர்த்துவதும், குப்புறப் படுத்துப் பின்னால் உயர்த்துவதும் இடுப்பைக் காக்கும். இந்த இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கட்டுப் பிரித்தபின் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பதற்குப் பலரிடம் இடுப்பின் பக்கத் தசை மெலிந்ததே காரணம்.

கையில் கட்டு என்றால்

மணிக்கட்டு முறிவில் கட்டு 5, 6 வாரம் இருக்கும். இங்கே தசை மெலிவைவிட மூட்டு இறுகுவதுதான் பெரிய தொல்லை, அதுவும் உடையாத மூட்டுகளில். கட்டு உள்ளங்கையின் மேல் ரேகைக்குச் சற்று முன்பே முடிந்திருக்க வேண்டும். விரல்கள் அடிவரை மடங்க வேண்டும். மடங்கவில்லையென்றால் கட்டு நீளமாகிவிட்டது, போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

விரல்களை நேராக நீட்டுதல், மேசைபோல் அடிமூட்டில் மட்டும் மடக்குதல், கொக்கிபோல் நுனிமூட்டுகளில் மடக்குதல், முழு முஷ்டி, விரல்களை விரித்துச் சேர்த்தல், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுதல். இந்த ஆறும் பத்துப் பத்துத் தடவை, நாளுக்குப் பல முறை. ஸ்லிங்கில் மாட்டிய கை உடம்போடு ஒட்டியே கிடந்தால் தோள் இறுகிப்போகும். நாளுக்கு நாலைந்து தடவை ஸ்லிங்கைக் கழற்றி முழங்கையை முழுதாக நீட்டி மடக்குங்கள், கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் தோளை ஒருநாள்கூட மறக்கக் கூடாது.

மற்றக் காலும், மனசும்

இது முதலில் கேட்கும்போது நம்ப முடியாது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணின் வலது கையை மட்டும் அழுத்தப் பயிற்சியில் பழக்கினார்கள். பழக்காத இடது கையின் வலுவும் 43 சதவீதம் ஏறியது. அவ்வளவு பெரிய பலன் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் ஒரு பக்கம் பயிற்சி செய்தால் மறுபக்கத்துக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது என்பது அதன்பின் பல முறை உறுதியாகிவிட்டது. தசை வளர்வதால் அல்ல. மூளை ஆணையிடும் திறன் இரு பக்கத்துக்கும் பொதுவாகக் கூடுவதால்.

கட்டுப் போட்டவருக்கு இது எவ்வளவு உதவும்? கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 3 வாரம் முன்கையில் கட்டுப் போட்டவர்களில் ஒரு குழு, கட்டில்லாத கையின் மணிக்கட்டை வாரம் 5 நாள் முழு பலத்தோடு பழக்கியது. அவர்களின் கட்டுக் கை வலுவைத் தக்கவைத்துக்கொண்டது, சும்மா இருந்தவர்களின் கை இழந்தது. மணிக்கட்டு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் அங்கேயே பின்னர் பார்த்தபோது, நல்ல கையைப் பழக்கியவர்களுக்கு 12ஆவது வாரத்தில் முறிந்த கையின் பிடி கூடுதலாக இருந்தது.

செய்முறை கடினமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலின் கணுக்காலில் எடைப்பட்டையோ, மணலோ அரிசியோ கட்டிய பையோ மாட்டி முழங்காலை நீட்டி இறக்குங்கள். 8 முதல் 12 தடவையில் களைத்துப்போகும் அளவுக்குப் பாரம் இருக்க வேண்டும். 30 தடவை சுலபமாகச் செய்ய முடிகிறதென்றால் பாரம் போதாது. மூன்று சுற்று, வாரம் 3 நாளாவது. இறக்கும்போது 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்: மணிக்கட்டை மேலும் கீழும் மடக்க, முழங்கையை மடக்க. நல்ல காலில் நொண்டியடித்து வீட்டைச் சுற்றுவதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், விழுந்தால் இரண்டாவது கட்டு.

மனசால் செய்யும் பயிற்சி இன்னும் விநோதம். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை 4 வாரம் கட்டி வைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் வலுவில் 45 சதவீதம் இழந்தார்கள். கையை முழு பலத்தோடு அழுத்துவதாக வாரம் 5 நாள் கற்பனை செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம். கண்ணை மூடி, 5 விநாடி அந்தத் தசையை உச்ச பலத்தில் இறுக்குவதாக உணருங்கள், 5 விநாடி விடுங்கள். தசை உண்மையில் அசையக் கூடாது. தசைநாண் தைத்து, இறுக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு மிச்சமிருக்கும் சில வழிகளில் இது ஒன்று. படம் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து கையைப் பார்த்தால் போதாது. அழுத்தும் உணர்வு உள்ளுக்குள் வர வேண்டும்.

சாப்பாடு

"படுத்துத்தானே கிடக்கிறோம்" என்று சாப்பாட்டைக் குறைப்பதும், கஞ்சியும் ரசம் சாதமுமாகக் கொடுப்பதும் நம் வீடுகளில் சகஜம். முறிந்த எலும்பும் மெலியும் தசையும் கேட்பது நேர் எதிர். சாதாரண நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் புரதம் போதும். அசையாமல் இருக்கும் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 72 முதல் 96 கிராம். அதையும் ஒரே வேளையில் தள்ளாமல் வேளைக்கு 20 முதல் 30 கிராமாகப் பிரிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு இட்லியில் 8 கிராம்தான். அதோடு இரண்டு முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6 சேர்ந்தால் காலை வேளை தேறிவிடும். மதியம் சாதம், சாம்பார், தயிர் சேர்ந்து 15 கிராமைத் தொடும். 100 கிராம் மீனோ கோழியோ சேர்ந்தால் இன்னும் 20க்கு மேல். மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 முதல் 14. இரவு மூன்று சப்பாத்தி 9, 75 கிராம் பனீர் 13. சைவர்களுக்கு உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது; விலையும் குறைவு.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குடிக்கலாம், நல்ல ருசி. ஆனால் அதில் உள்ள புரதம் குறைவு, பெரும்பாலும் எலும்பு, தோலிலிருந்து வரும் ஜெலட்டின் வகை. தசை கட்ட உதவும் அமினோ அமிலங்கள் அதில் பஞ்சம். சூப்பைக் குடித்துவிட்டுக் கறியை மற்றவர்களுக்குக் கொடுப்பது தலைகீழ் கணக்கு.

புரதப் பவுடர் டப்பா வாங்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதும் உதவாது. ஆரோக்கியமான முதியவர்களின் காலை 5 நாள் கட்டி, நாளுக்கு இருமுறை 20 கிராம் புரதம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மெலிவு குறையவில்லை. தசை சுருங்கினால்தான் சாப்பிட்ட புரதத்தை அது நன்றாக உள்ளே இழுக்கும். எனவே இறுக்கும் பயிற்சியும் புரதமும் சேர்ந்தே போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவுகளை டாக்டரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

"கரண்ட் வைப்பது"

பிசியோதெரபி நிலையங்களில் வைக்கும் கரண்டெல்லாம் ஒன்றல்ல. வலியைக் குறைக்க வைப்பதில் சுறுசுறுவென்று இருக்கும், தசை இறுகாது. மெலிவைத் தடுக்க வேண்டுமானால் தசை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி விரிய வேண்டும். அப்படிப்பட்ட தூண்டலை நாளுக்கு இரண்டு முறை, 40 நிமிடம் வீதம் கொடுத்தபோது, 5 நாள் கட்டுப் போட்ட இளைஞர்களின் தொடைப் பருமன் குறையவே இல்லை. ஆனால் வலு குறைந்தது. தசையை வெளியிலிருந்து மின்சாரம் காப்பாற்றலாம், ஆணையிடும் பழக்கத்தை நாமேதான் காப்பாற்ற வேண்டும். தானாகத் தொடையை இறுக்கவே வராதவர்களுக்கு இது பெரிய உதவி. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கூடாது. காலில் இரத்தக் கட்டி இருந்தாலும் கூடாது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ, எந்தக் கட்டாக இருந்தாலும் இது பொருந்தும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, விரல்களை வேறொருவர் நீட்டும்போது உயிர்போகும் வலி, மரத்துப்போதல், விரல் நுனியை அழுத்தி விட்டபின் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்பாதது: தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் நின்றுகொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

கால் கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, பாதத்தின் மேல்புறம் மரத்திருக்கிறது என்றால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பைக் கட்டின் விளிம்பு நசுக்கலாம். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலும் வந்தால் ஆம்புலன்ஸ்.

கக்கத்துக் கட்டை வைத்து நடப்பவர்கள் எடையை உள்ளங்கையில் தாங்க வேண்டும். கக்கத்துக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். கக்கத்தில் தொங்கினால் கை நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போகும்.

வயதானவர்களுக்கு ஒரு காலில் கட்டு என்பது சீக்கிரமே முழுப் படுக்கையாகிவிடுகிறது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்த ஓர் அமெரிக்க ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. சாப்பாட்டை நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுங்கள். நாளுக்குப் பல முறை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வையுங்கள்.

கட்டைப் பிரித்த பிறகு

தோல் செதில் செதிலாக உரியும், மூட்டு விறைத்திருக்கும், மாலையில் வீங்கும். எல்லாம் எதிர்பார்த்ததுதான். எண்ணெய் போட்டு உருவி இழுத்துவிடச் சொல்லி அழைத்துப்போகும் உறவினர்களிடம் மட்டும் உறுதியாக இருங்கள், முக்கியமாக முழங்கைக்கு. முறிந்த முழங்கையை அழுத்தித் தேய்த்து வலுக்கட்டாயமாக மடக்கினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து, மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். தடவுவதால் தசை வளராது.

நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் நல்லவை, ஆனால் போதாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வில் ஒரு காலை 2 வாரம் அசையாமல் வைத்த இளைஞர்களின் அந்தக் கால் மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்தது, முதியவர்களின் கால் நாலில் ஒரு பங்கை. பிறகு வாரம் 3, 4 முறை வீதம் 6 வாரம் சைக்கிள் பயிற்சி. பருமன் திரும்பியது, வலு முழுதாகத் திரும்பவில்லை. வலுவுக்குப் பாரம் வேண்டும்.

முழு எடை ஊன்ற அனுமதி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள். முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டு; 8 முதல் 10 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எழும்போது உடம்பு நல்ல பக்கம் ஒதுங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒதுங்கினால் வேலை செய்வது நல்ல கால்தான். நல்ல காலின் பாதத்தை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தால் மெலிந்த கால் தப்ப முடியாது. அடுத்து சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது. இரண்டு காலால் ஏறி, மெலிந்த காலால் இறங்குவது. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். தசை மட்டும் இரண்டு நாள் வலித்தால் தொடரலாம்.

சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் குதிகாலை எத்தனை தடவை உயர்த்த முடிகிறது என்று இரண்டு காலையும் வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். இரண்டு எண்ணும் நெருங்கும்வரை படியில் கைப்பிடியை விடாதீர்கள்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது மெலிந்த கால் முன்னால்.